கடைசி நாட்களில் வலி எதற்கு?

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்தச் சொற்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்காத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கும்? கேட்டதும் கண்ணில் நீர் முட்டும். வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்புவோம். நோயாளியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேருவோம். அதன் பிறகுதான் ஒரு கேள்வி பிறக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? அதை நமக்குச் சொல்லித் தந்தவர் யார்?

என் பாட்டி செமோரில் ஒரு தோட்டத்து லயத்தில்தான் கண்ணை மூடினார். வயிற்றில் கட்டி. அஞ்சடியில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தோம். இரவெல்லாம் முனகுவார். "தலைவிதி, அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். டிரசர் ஐயா கொடுத்த வெள்ளை மாத்திரையை, வலி தாங்காமல் அவர் கத்தும்போது மட்டும் கொடுத்தோம். முதுகில் புண் வந்தது. கடைசி நாளில் ஆளாளுக்குப் பால் ஊற்றினோம். பாட்டிக்குப் புரையேறியது. அந்த இருமல் இன்னமும் என் காதில் இருக்கிறது. பாசத்தில் எங்களுக்குக் குறைவில்லை. தெரியாமல் போனதுதான் குறை.

தெரிந்திருக்கக்கூடிய செய்திதானா அது? ஆம்! சாகப்போகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஒரு படிப்பாகவே எடுத்துக்கொண்டு, தாதியர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இறந்தவரை எழுப்பிக் கேட்க முடியாதே, பிறகு என்ன ஆராய்ச்சி என்பீர்கள். நோயாளியிடம் அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்கிறார்கள். துக்கம் சற்று ஆறியபின் குடும்பத்தாரிடமும் கேட்கிறார்கள். வலி இருந்ததா? தணிந்ததா? முடிவு நெருங்குகிறது என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? அவர் விரும்பிய இடத்தில்தான் உயிர் பிரிந்ததா? நம் வீட்டுச் சாவுகளுக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள், எத்தனைக்கு நல்ல பதில் வருகிறதென்று.

இந்தத் துறைக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1918ல் பிறந்தவர், போர்க்காலத்தில் லண்டனில் தாதியாகப் பயின்றவர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே சமூக நலப் பணிக்கு மாறினார். 1940களின் கடைசியில், செயின்ட் லூக்ஸ் என்ற மருத்துவமனையில் மாலை வேளைகளில் தொண்டு செய்யப் போனபோது ஒரு வழக்கத்தைக் கவனித்தார். அங்கிருந்த தாதியர் புற்றுநோயாளிகளுக்கு, வலி வந்து கதறும்வரை காத்திராமல், மணி தவறாமல் மருந்து கொடுத்தார்கள். அங்கே கதறல் குறைவு. நோயாளிகள் பேசினார்கள், படித்தார்கள்.

மற்ற இடங்களில் மருந்தைக் கெஞ்சிப் பெறவேண்டியிருந்தது. ஏன் இந்த வேறுபாடு என்று நிரூபிப்பதற்காகவே அவர் வைத்தியம் படித்து 1957ல் டாக்டரானார். ஒரு தாதி கண்ணால் கண்டது வைத்திய உலகின் காதில் ஏற, அவர் டாக்டர் பட்டம் வாங்கவேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் வருகிறது! ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்தார். 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தை லண்டனில் திறந்தார். 2005ல் அவர் உயிர் பிரிந்ததும் அதே இல்லத்தில்தான்.

மணி தவறாமல் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1986ல் புற்றுநோய் வலிக்கு வழிகாட்டியபோதும் இதையே சொன்னது. முடிந்தவரை வாய்வழி மருந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது, லேசான மருந்திலிருந்து வலுவான மருந்துக்குப் படிப்படியாக ஏறுவது. நாங்கள் பாட்டிக்குச் செய்ததற்கு நேர் எதிர்!

வலுவான மருந்து என்றால் மார்ஃபின். பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் நடுங்குவார்கள். "அது கடைசி மருந்து, கொடுத்தால் ஆள் முடிந்துவிடும்" என்பார்கள். வலியைப் பார்த்து அளவறிந்து, சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதனால் மலமிளக்கி மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

சரி, வலி இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? 1968லேயே மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கத் தாதி, வலியை அளக்கும் உரிமை நோயாளிக்கே உண்டு, பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை என்று வாதாடினார். நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் 2008ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. நாடி, காய்ச்சல் பார்ப்பதுபோல வலியையும் அரசாங்க ஆஸ்பத்திரித் தாதியர் கேட்டு எழுத வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று மிஸி கேட்பார்.

இங்கேதான் நம்மவர்களிடம் ஒரு சிக்கல். காய்ச்சலோடு பெரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு மரம் சீவிய தலைமுறை அது. "எப்படி இருக்கு பாட்டி?" என்றால், "பரவால்ல மிஸி" என்று சிரிப்பார்கள். மிஸியும் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் போனபின், புரண்டு படுக்க முடியாமல் பல்லைக் கடிக்கும் முகத்தை நீங்கள்தானே பார்க்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள். இரவில் எத்தனை முறை விழித்தார், எந்தப் பக்கம் படுத்தால் முனகுகிறார் என்று ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்துக் காட்டுங்கள்.

அடுத்தது படுக்கைப் புண். லண்டனில் டோரீன் நார்ட்டன் என்ற தாதி, தம் கூட்டாளிகளுடன் முதிய நோயாளிகளை ஆராய்ந்து 1962ல் முடிவுகளை வெளியிட்டார். தோலில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் பாரம் அழுந்துகிறது என்பதே முக்கியம் என்று அந்த ஆராய்ச்சி காட்டியது. நாமோ பவுடரைக் கொட்டுவோம், எண்ணெயைத் தேய்ப்போம். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள், தோல் கிழியும். ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை, நோயாளிக்குத் தாங்கும் அளவில், இலேசாகப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் காலுக்கடியில் ஒன்று. புரட்டினால் வலிக்கும் என்றால், வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கியபின் புரட்டுங்கள்.

இனி ஒரு சங்கடமான விஷயம். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்று நாம் மூடி மறைக்கிறோமே, அது சரியா?

1960களில் சான்பிரான்சிஸ்கோ வட்டார ஆஸ்பத்திரிகளில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலார் இதை ஆராய்ந்தார்கள். ஜீன் குவின்ட் என்ற தாதியும் உடன் இருந்தார். அவர்கள் கண்ட நிலைமைகளில் ஒன்று நம் வீட்டுக்கதையேதான். நோயாளிக்கும் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும், இரண்டு பேருமே தெரியாததுபோல நாடகம் ஆடுவார்கள். "பொங்கலுக்குள் எழுந்துவிடுவீங்கப்பா" என்று மகன் சொல்ல, "ஆமாய்யா" என்று அப்பா சொல்ல, சுவரைப் பார்த்து இரண்டு பேரும் அழுவார்கள். ஈபிஎஃப் பணம் யாருக்கு, கடைசி மகள் கல்யாணம் என்னாவது, கோபித்துக்கொண்டு போன தம்பியைக் கூப்பிடலாமா... கேட்க வேண்டியவை எல்லாம் அப்படியே நின்றுபோகும். போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டால், "மனசில் என்ன ஓடுதுப்பா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

இவ்வளவையும் குடும்பம் தனியாகச் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. 1991ல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது. 1995ல் கோத்தா கினபாலு குவீன் எலிசபெத் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு வந்தது. 2019ல் சுகாதார அமைச்சு ஒரு தேசியக் கொள்கையே வகுத்தது. நமக்கு அருகில், ஈப்போவில், பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி என்ற தொண்டுச் சங்கம் இருக்கிறது. அதன் தாதியர் நோயாளியின் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே, "பாலியேட்டிவ் பிரிவுக்கு எழுதிக்கொடுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு வருவார்களா என்றும் விசாரியுங்கள். தோட்டம் துண்டாகி, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட, தாமான் வீட்டில் கிழவனும் கிழவியுமாகத் தனித்திருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவை. லயத்தில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் இரவு விழித்திருப்பார். தாமானில் கேட்டைப் பூட்டிக்கொள்கிறோமே!

அவர்களைக் கூப்பிட்டால் சாவைக் கூப்பிடுவதாகும் என்று சிலர் அஞ்சுவார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2010ல் வெளிவந்தது. வழக்கமான வைத்தியத்தோடு இந்தப் பராமரிப்பையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் நடுக்கணக்கில் 11.6 மாதம் இருந்தார்கள். மற்றவர்கள் 8.9 மாதம். மனச்சோர்வும் முன்னவர்களுக்கே குறைவு.

இனி அந்தக் கடைசி மணி நேரங்கள். பசி அடங்கிவிடும். சாப்பிடாததால் சாகவில்லை, உடல் அடங்கி வருவதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. வற்புறுத்தி ஊட்டாதீர்கள். விழுங்க முடியாதவர் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் புரையேறும். சடங்கை விடச் சொல்லவில்லை. சுத்தமான துணியை நனைத்து உதட்டில் ஒரு துளி தொட்டு வையுங்கள், பால் ஊற்றியதாகவே ஆகட்டும். வாயும் உதடும் காயாமல் அடிக்கடி ஈரமாக்குங்கள். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் பயந்து உலுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கேட்பவருக்குத்தான் அது கொடுமை, பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை.

காது மட்டும் கடைசிவரை கேட்கும் என்று தாதியர் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். கனடாவின் வான்கூவர் நகரில், பேச்சு மூச்சின்றிக் கிடந்த நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். சிலருடைய மூளை அப்போதும் ஒலியை உணர்ந்து காட்டியது. 2020ல் வெளிவந்த முடிவு இது. ஆகவே சொத்துச் சண்டையையும், சவப்பெட்டி விலையையும், "இன்னும் எவ்வளவு நேரம் இழுக்கும்" என்ற பேச்சையும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே, வழக்கமான குரலில், இன்றைக்கு மழை பெய்ததையும் பேத்தி பள்ளிக்கூடம் போய்வந்ததையும் சொல்லிக்கொண்டிருங்கள்.