கல்லில் இடம் பெறாத பெயர்கள்

வாஷிங்டனில் 1982-ல் எழுப்பப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஊர் திரும்பியபின், போர் தந்த மனக்காயம் தாளாமல் தற்கொலை செய்துகொண்டவர்களின் பெயர்களுக்கு அதில் இடமில்லை. போரின் பாதிப்பால் பின்னாளில் மாண்ட அனைவருக்குமாக, 2004-ல்தான் அருகே ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். அதில் யார் பெயரும் கிடையாது.

போர்முனையிலேயே தற்கொலை செய்துகொண்ட வீரரின் குடும்பத்துக்கு அமெரிக்க அதிபரின் இரங்கல் கடிதம் போவதில்லை என்ற வழக்கத்தை 2011-ல் ஒபாமா மாற்றினார்.

நம் நாட்டு நிலை என்ன? 2001 முதல் ஆண்டுக்கு 100 முதல் 140 வீரர்கள் வரை தற்கொலையாலும் தாமே விளைவித்துக்கொண்ட காயத்தாலும் இறந்ததாகவும், அவர்களுக்கு ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தப்படவில்லை என்றும் 2023-ல் ராணுவம் தெரிவித்தது. எல்லாமே போரின் விளைவு என்று சொல்வதற்கில்லை. ஆனால் விதி அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

தற்கொலையைப் பெருமைப்படுத்தலாமா என்று சிலர் கேட்கலாம். மரியாதை அந்த முடிவுக்கல்ல. அதற்கு முன் ஆற்றிய சேவைக்கு. தண்டவாளத்தின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, அது இல்லையென்று எந்தப் பொறியாளரும் எழுதித் தரமாட்டார். மனக்காயமும் அப்படியே. அதைப் போர்க்காயம் என்று ஒப்புக்கொண்டால், இறந்தவரின் வீட்டார் தலைநிமிர்வார்கள். உயிரோடிருப்பவரும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போவார்.