கத்தி முதுகை மழுக்குதல்

கத்தி முதுகை மழுக்குதல் என்பது சமையலறைக் கத்தியின் வெட்டும் வாய்க்கு எதிர்ப்புறம் உள்ள தடித்த விளிம்பின் மூலைகளைத் தேய்த்து உருட்டும் வேலையாகும். விரல் படும் இடத்தில் உறுத்தலும் காய்ப்பும் ஏற்படாமல் தடுப்பதே இதன் நோக்கம். உப்புத்தாள் கொண்டு வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

தேவை

தமிழ்நாட்டு வீடுகளில் காய் நறுக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது அரிவாள்மனை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பேச்சில் இது அருவாமனை எனப்படும். இதில் அலகு பலகையில் நிலையாக நிற்கும். காயைத்தான் கை நகர்த்தும். ஆகவே அலகின் முதுகில் விரலை அழுத்த வேண்டியதில்லை. கத்தியிலோ கையே அலகை நகர்த்துகிறது. பிடியை மட்டும் பற்றுவோருக்கு முதுகு உறுத்தாது. பிடிக்கு அருகே அலகைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கவ்விப் பிடிப்பவருக்கும், முதுகின்மேல் விரலை நீட்டி அழுத்துபவருக்கும் அழுத்தம் முழுவதும் அந்த மூலையில் விழுகிறது.

விலை குறைந்த கத்திகள் பெரும்பாலும் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. அவற்றின் முதுகு செங்கோணமாகவும் சில வேளை பிசிறுடனும் இருக்கும். வீட்டில் இரண்டு வெங்காயம் நறுக்கும்போது இது தெரியாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூர்களின் உணவகங்களிலும் கல்யாணச் சமையலிலும் கிலோக்கணக்கில் நறுக்குவோருக்கு ஆட்காட்டி விரலின் அடி சிவந்து கொப்புளமாகும், நாளடைவில் காய்த்துப்போகும். வலிக்குப் பயந்து பிடியைத் தளர்த்தினால் கத்தி வழுக்கிக் கையை வெட்டும் ஆபத்தும் உண்டு.

தேய்க்கும் அளவு

முதுகு முழுவதையும் உருட்ட வேண்டியதில்லை. இஞ்சித் தோலைச் சுரண்டவும், மீன் செதிலை உரசி எடுக்கவும், நறுக்கிய காயைப் பலகையிலிருந்து வழிக்கவும் முதுகின் கூரிய மூலை உதவுகிறது. எனவே பிடியை அடுத்த 4 அல்லது 5 செ.மீ. நீளத்தை மட்டும் உருட்டி, நுனிப்பக்கத்தை அப்படியே விடுவது நல்லது. அலகின் அடிமூலை விரலில் குத்தினால் அதையும் சற்றுத் தேய்க்கலாம். மூலை மழுங்கினால் போதும். அலகின் தடிமனைக் குறைக்கக் கூடாது.

செய்முறை

1. கத்தியின் வாயைப் பல மடிப்புச் செய்தித்தாளால் மூடி, ஒட்டுநாடாவால் இறுகச் சுற்ற வேண்டும்.
2. முதுகு மேலே இருக்குமாறு கத்தியை இரு மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து இடுக்கியில் பொருத்த வேண்டும். ஒரு கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்க்கக் கூடாது.
3. பிசிறு இருந்தால், மெல்லிய அரத்தைச் சாய்வாகப் பிடித்து இரு மூலைகளையும் சில முறை இழுக்க வேண்டும்.
4. வன்பொருள் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கிடைக்கும் தாளில் 240 எண் கொண்டதை விரலகலப் பட்டையாகக் கிழித்து நனைத்து, முதுகின் குறுக்கே போட்டு, மத்துக் கயிற்றை இழுப்பதுபோல இரு முனைகளையும் மாறி மாறி இழுக்க வேண்டும்.
5. பிறகு 400, 1000 எண் தாள்களால் இதையே செய்ய வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நயமாகும்.
6. கத்தியைக் கழுவித் துடைத்து, முதுகில் விரலை மெல்ல அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். உறுத்தும் இடத்தை மட்டும் மீண்டும் தேய்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

வேகமாகச் சுழலும் மின் சாணையில் முதுகைத் தேய்த்தால் மெல்லிய அலகு விரைவில் சூடேறும். எஃகு நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள்; சூடு வாய்வரை பரவினால் கூர் நிலைக்காது. நனைத்த தாளால் கையால் தேய்க்கும்போது இந்த ஆபத்து இல்லை. துருப்பிடிக்கும் இரும்புக் கத்தியாயின், தேய்த்த இடத்தில் தேங்காய் எண்ணெயை மெலிதாகத் தடவ வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுப்பவர்கள், வாயைத் தீட்டினால் போதும், முதுகில் சாணை வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.