கோதுமைப் பயிருக்குக் கடற்பாசிச் சத்து

கோதுமை விளையும் தேசங்களிலெல்லாம் அப்பயிருக்குப் பெரும் விரோதியாயிருப்பவை பூசண நோய்கள். இலையின்மேல் மாவைத் தூவினாற்போல வெண்மையாய்ப் படரும் சாம்பல் நோயும், தாளிலும் இலையிலும் செம்பழுப்புப் பொடியாய் வெடிக்கும் துரு நோயும் அவற்றுள் முக்கியமானவை. துரு நோய் விஷயத்தில் நம் மலைகளுக்கும் பங்குண்டு. சமவெளியின் கோடை வெயிலில் மடிந்துபோகும் துருப்பூசணம், நீலகிரி, பழனி முதலிய குளிர்ந்த மலைகளில் பிழைத்திருந்து, அங்கிருந்து காற்றின் வழியாய்ப் பிற இடத்துக் கோதுமைக்குப் பரவுகிறதென்று ஆக்ராவில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் கே. ஸி. மேத்தா கண்டு வெளியிட்டார். ஆகையால் மலைச்சரிவில் கோதுமை பயிரிடுவோர் தம் பயிரை மட்டுமன்றி அயலார் பயிரையும் மனத்திற்கொள்ள வேண்டியவராவர்.

இந்நோய்களுக்கு மருந்தில்லாமலில்லை. எனினும் பூசணத்தை நேரே கொல்லும் மருந்துகளுக்குப் பூசணமும் நாளடைவில் பழகிவிடுகிறது. ஸ்ட்ரோபிலூரின் என்னும் வகை மருந்துகள் ஐரோப்பாவில் கோதுமைக்கு வந்தது 1996ஆம் வருஷத்தில். வட ஜெர்மனியில் 1998லேயே அவற்றுக்கு அடங்காத சாம்பல் நோய் தோன்றிவிட்டது. கைப்பணம் கொடுத்து வாங்கிய மருந்து இரண்டே வருஷத்தில் பயனற்றுப் போகுமாயின் குடியானவர் என் செய்வார்?

இதற்கு வேறொரு வழி பிரான்சு தேசத்தில் கையாளப்பட்டது. அந்நாட்டின் பிரிட்டனிக் கரையோரத்தார் கடற்பாசியை நெடுங்காலமாய் வயலுக்கு எருவாக இட்டு வந்தவர்கள். அக்கரையில் விளையும் லாமினாரியா டிஜிடாட்டா என்னும் பழுப்புநிறப் பாசியில், சர்க்கரைத் துகள்கள் சங்கிலிபோல் கோத்தமைந்த லாமினாரின் என்ற சத்து உண்டு. இதனைப் பிரித்தெடுத்து நீரிற் கலந்து கோதுமைமேல் தெளிக்கலாயினர். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஏப்ரல் முதல் இதனைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாக அங்கீகரித்தது. ஹெக்டேருக்கு வேண்டிய லாமினாரின் 50 கிராமுக்கும் குறைவே.

இச்சத்து பூசணத்தைக் கொல்வதன்று. பூசணத்தின் மேற்சுவரும் இதே இனத்துச் சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டது. தன்மேல் இச்சத்துப் பட்டதும், பூசணமே வந்துவிட்டதாகப் பயிர் எண்ணிக்கொள்கிறது. கள்ளன் வருமுன்னே நாய் குரைத்து வீட்டாரை எழுப்பிவிடுவது போன்றது இது. எழுந்த பயிர் தன் உயிரணுச் சுவர்களைத் தடிப்பாக்குகிறது. பூசணச் சுவரைக் கரைக்கும் நொதிகளையும் உண்டாக்குகிறது. பின்னர் வந்திறங்கும் வித்துத்தூள் எளிதில் உட்புக மாட்டாது. 1961ல் ராஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, ஓரிலையில் தேமல் நோய் கண்ட புகையிலைச் செடி மற்ற இலைகளிலும் எதிர்ப்பு வலிமை பெறுவதைக் காட்டியது முதல், பயிரின் இந்தத் தற்காப்புக் குணம் நன்கு ஆராயப்பட்டு வந்துள்ளது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நோய் கண்டபின் இதனைத் தெளிப்பது வீண் செலவு. பயிர் தூர் கட்டும் பருவத்தில், இலை சுத்தமாயிருக்கும்போதே தெளித்தாக வேண்டும். அப்போதும் நோய் குறையுமேயன்றி அடியோடு ஒழியாது. கடும் நோய் வரும் வருஷத்தில் இதனை மட்டும் நம்பியிருப்பது அறிவுடைமையாகாது. மற்ற மருந்தின் அளவையும் தடவையையும் குறைக்கத் துணையாவதே இதன் தகுதி.

தற்காப்பு என்பது பயிருக்குச் செலவில்லாத காரியமுமன்று. இதே வகையில் பயிரைத் தூண்டும், ஆனால் செயற்கையாய்ச் செய்யப்பட்ட வேறொரு மருந்தை நோயில்லாத கோதுமைக்குத் தெளித்துப் பார்த்து, 2000ஆம் வருஷத்தில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் முடிவு வெளியிட்டனர். தெளித்த பயிரின் வளர்ச்சியும் மணியும் குறைந்தன. தழைச்சத்துப் பற்றாத இடத்தில் குறைவு அதிகம். பட்டினி கிடக்கும் பயிரைப் போருக்கு அனுப்புவது எவ்வளவு பொருத்தமோ அவ்வளவே வளமற்ற வயலில் இவ்வகைத் தெளிப்பும். முதலில் எரு, பிறகே மருந்து.

இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளையும் இவ்விதத் தூண்டுதலுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2014ல் அனுமதித்தது. இவ்வகைப் பொருள்களைக் கண்கண்ட மருந்தெனக் கூவி விற்போர் ஊருக்குள் வரின், எந்த நோய்க்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கும்படி கிராம அதிகாரிகள் குடிகளுக்குச் சொல்லுதல் நலம். சோதித்துப் பார்க்க விரும்புவோர் வயலின் நடுவே ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரு பகுதித் தானியத்தையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டியது.