குச்சி துளிர்ப்பது எப்படி? – செல் பகுப்பும் நம்ம ஊர் மரவள்ளியும்



சின்னசேலம் பக்கம் போனாலும் சரி, கல்வராயன்மலை ஏறி வெள்ளிமலை போனாலும் சரி, மரவள்ளிக் கொல்லை கண்ணில் படாமல் இருக்காது. நாம் யாரும் மரவள்ளியை விதை போட்டு முளைக்க வைப்பதில்லை. பழைய செடியின் தண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி, பருக்கள் மேலே பார்க்கிற மாதிரி நடுகிறோம். அந்தக் குச்சிக்கு வேரும் கிடையாது, இலையும் கிடையாது. ஆனால் கொஞ்ச நாளில் துளிர் விடுது, வேர் பிடிக்குது. உள்ளே என்னதான் நடக்குது?

ஒன்று இரண்டாகும் கதை

வெட்டிய குச்சிகளை மர நிழலில் நிறுத்தி வைக்கிறோம் அல்லவா? அப்போது பருக்களில் உள்ள செல்களில் பெரும்பாலானவை ஓய்வில் இருக்கும். செத்துப் போகவில்லை, தூங்குகின்றன, அவ்வளவுதான். மண்ணின் ஈரம் பட்டதும் எழுந்து வேலையை ஆரம்பிக்கின்றன. அந்த வேலை நான்கு கட்டமாக நடக்கும்.

1. ஜி1: செல் பெரிதாகும். தேவையான புரதங்களைச் சேர்த்துக்கொள்ளும்.
2. எஸ்: டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கும்.
3. ஜி2: நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிரியத் தயாராகும்.
4. எம்: குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். நடுவில் புதுச் சுவர் எழும்பி ஒரு செல் இரண்டாகும்.

மரவள்ளிச் செல்லில் 36 குரோமோசோம்கள். நமக்கு 46. பிரிந்த இரண்டு செல்லிலும் அதே எண்ணிக்கை இருக்கும். அதனால்தான் குச்சியில் வந்த செடி தாய்ச்செடி மாதிரியே இருக்கிறது. கரும்புக் கரணை நடுவதும் இதே கணக்குத்தான்.

லேபில் வெங்காய வேர் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, நிறைய செல்கள் சும்மா இருப்பது போலத் தெரியும். அவை சும்மா இல்லை! முதல் மூன்று கட்டத்துக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பிரிவது மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

யார் கட்டுப்படுத்துவது?

செல்கள் இஷ்டத்துக்குப் பிரிந்துகொண்டே போனால் என்ன ஆகும்? அதற்குத்தான் செல்லுக்குள் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. டி.என்.ஏ. பழுதா? நில், சரி செய். நகல் முடியவில்லையா? காத்திரு. எல்லாம் சரியென்றால் சைக்ளின் என்ற புரதம் கூடி, அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் அது அழிந்துவிடும்.

ஜி1 முடிவில் ஆர்.பி. என்று ஒரு வாட்ச்மேன் புரதம் நிற்கும். அதன் அனுமதி இல்லாமல் டி.என்.ஏ. நகல் வேலை தொடங்காது. முதிர்ந்த இலையின் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. அங்கே இந்த வாட்ச்மேன் கதவைப் பூட்டியே வைத்திருப்பார்.

தேமல் நோய் செய்யும் திருட்டு

இலையில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து சுருங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தேமல் நோய். இது வைரஸால் வருவது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டு போகும்.

இந்த வைரஸிடம் டி.என்.ஏ.வை நகல் எடுக்கும் நொதி கிடையாது. செடியின் நொதியைத்தான் கடன் வாங்கணும். முதிர்ந்த செல்லிலோ அந்த வேலை நின்று போச்சு. அதனால் வைரஸ் ஒரு தந்திரம் செய்கிறது. தன் புரதத்தை அனுப்பி வாட்ச்மேனைப் பிடித்துக்கொள்கிறது. கதவு திறந்துவிடும். செல் நகல் எடுக்கும் கருவிகளை வெளியே எடுக்கும். வைரஸ் அதை வைத்துத் தன்னையே பெருக்கிக்கொள்ளும். இலையில் பச்சையம் குறைந்தால் உணவு குறையும், கிழங்கும் சிறுத்துப் போகும்.

எங்கள் வீட்டிலும் ஒன்றேகால் ஏக்கர் மரவள்ளிதான். ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். அண்ணனின் காலேஜ் பீஸ் அதிலிருந்துதான் வரணும். அதனால் எனக்கு இது வெறும் பரீட்சைப் பாடம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

நோய் பிடித்த செடியின் குச்சியை நட்டால், அதில் இருக்கும் வைரஸும் புதுச்செடியோடு சேர்ந்து வளரும். அறுவடை நேரத்தில் இலை கொட்டிய பிறகு நல்ல செடி எது, கெட்ட செடி எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே இலை நன்றாக இருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்கு அடையாளம் போட்டு வைக்கணும். அப்பாவும் நானும் பழைய சேலையைக் கிழித்து நாடா கட்டியிருக்கிறோம். அடுத்த நடவுக்கு அந்தக் குச்சிகள் மட்டும்தான். இளஞ்செடியில் தேமல் கண்டால் பிடுங்கிவிடணும். வெள்ளை ஈ திரும்ப வரலாம். ஆனாலும் நல்ல குச்சியில் தொடங்குவது பாதி ஜெயித்த மாதிரி.

இன்னொரு ஆச்சரியம்! செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் தண்டின் உச்சி நுனிக்கு வைரஸ் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. கடுகை விடச் சிறிய அந்த நுனியை வெட்டிக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, நோயில்லாத செடி உண்டாக்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும், நமக்குப் பக்கத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள ஆராய்ச்சி நிலையமும் மரவள்ளி ஆராய்ச்சியும் செய்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ செல் சுழற்சியைக் கட்டுப்படுத்துவது எது என்று கண்டுபிடித்த ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்ட்வெல் ஆராய்ந்தது ரொட்டிக்குப் போடும் ஈஸ்டை!

★ கட்டுப்பாடு கெட்டு செல்கள் பிரிந்துகொண்டே போவதுதான் புற்றுநோய். பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் நம் உடம்பில் இதே ஆர்.பி. வாட்ச்மேனைத்தான் பிடிக்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு.

அடுத்த முறை கொல்லைக்குப் போகும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை ஈ இருக்கும்!



– பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவன்