குயவர் வீட்டு வாசலில்

நாம் ஊர்விட்டு வந்தபோது நம் அடுக்களையிலிருந்து முதலில் விடைபெற்றது மண்பானையே. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கண்ணாடியும் தகரமும் மலிந்தபின் மண் ஜாடிகள் அவ்வாறே மறையலாயின.

ஜார்ஜியா மாநிலத்து மாஸி கிரீக் என்னும் இடத்தில் மீடர்ஸ் குடும்பத்தார் 1892-இல் இத்தொழிலைத் தொடங்கினர். விறகுச் சாம்பலும் களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசிச் சுட்ட ஜாடிகளில் உழவர்கள் இனிப்புச் சோளப் பாகும் பாலும் வைத்திருந்தனர். நாளடைவில் அவற்றைக் கேட்போர் அருகினர்.

1967-இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தார் அங்கு சென்று அத்தொழிலைப் படம்பிடித்தனர். அவ்வாண்டே தந்தையார் சீவர் மீடர்ஸ் காலமாக, மைந்தர் லேனியர் தொழிலை முழுமையாய் ஏற்றார். விழியும் பல்லும் துருத்திய அவருடைய முக ஜாடிகளை நாடிக் கலையன்பர்கள் வீட்டு வாசலுக்கே வந்தனர். அடியில் அவர் கீறிய பெயரைக் கண்டு வாங்கினர். 1983-இல் அவருக்கு அந்நாட்டு அரசின் மரபுக்கலை விருதும் கிட்டியது.

பழம்பொருளென்று பானையைச் சேர்த்தால் பானை மட்டுமே எஞ்சும். செய்பவரை நாடி வாங்கினாலோ தொழிலும் எஞ்சும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நம் வேளார் வீட்டு வாசலில் பேரம் பேசாது ஒரு சட்டியேனும் வாங்கி வருவோமாக!