இருமினால் கசிகிறதா? ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி

மத்திகிரியில இருந்து பேசுறேன். இருமினா, தும்மினா, பாரம் தூக்கினா சிறுநீர் கசியுதுன்னு, ஓசூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போற சில பெண்கள் தண்ணீர் குடிக்கிறதையே குறைச்சுக்கிறாங்க. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சிறுநீர்க்குழாயைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

முதலில் மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. கேட்கலைன்னா ஆபரேஷன். 1990களில் ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த முறையில், குழாய்க்கு அடியில் செயற்கை வலைநாடாவைத் தூளி மாதிரி வைக்கிறாங்க. பலருக்கு நல்ல பலன். ஆனா உறுத்தினா முழுசா எடுக்கிறது கஷ்டம். வலிப் புகார்களால் 2018-ல் இங்கிலாந்து அதை நிறுத்தி வைத்தது. வயிற்றுச் சுவரில் எடுத்த நம்ம சொந்தத் திசுவிலும் தூளி கட்டலாம். தழும்பும் ஓய்வும் கூடுதல்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்க: "எனக்கு எதை வைக்கப் போறீங்க, டாக்டர்?"