மோப்பம் பிடித்துச் சாப்பிடும் நூற்புழு

மதுரை செல்லூர்க் கண்மாயிலிருந்து வாரிக் கரையில் போடும் ஆகாயத்தாமரை மட்கத் தொடங்கியதும் அதில் நூற்புழுக்கள் பெருகும். நூற்புழு என்றாலே தக்காளி வேரில் முடிச்சுப் போடுவதும் வாழை வேரைத் துளைப்பதும்தான் நம் விவசாயிகளுக்கு நினைவுக்கு வரும். ஆனால் மண்ணில் வாழும் பல நூற்புழுக்கள் பயிரைத் தொடுவதே இல்லை. பாக்டீரியாதான் அவற்றுக்குச் சாப்பாடு.

இந்த வகையில் பேர்போனது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் 1 மில்லிமீட்டர். 1960களில் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த புழு இது. மதுரைக்குப் பக்கத்தில், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இதை வளர்த்து நோய்க்கிருமிகளை ஆராய்கிறார்கள். கண்ணாடி போன்ற உடல் என்பதால், தொண்டை விடாமல் துடித்து பாக்டீரியாவை உறிஞ்சுவதும், அடித்தொண்டையில் உள்ள அரவை உறுப்பு அதை நொறுக்குவதும் நுண்ணோக்கியில் அப்படியே தெரியும்.

இதற்குக் கண் கிடையாது. நரம்பு செல்கள் மொத்தமே 302. இதை வைத்துக்கொண்டு எப்படிப் பொறுக்கித் தின்கிறது? பெரும்பாலும் வாசனையால்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வர்ஷா சிங் குழுவினர் கண்டது எனக்குப் பெரும் வியப்பு. லூசின் என்ற அமினோ அமிலத்தைப் புழுவால் தானே தயாரிக்க முடியாது, நம்மாலும் முடியாது. பாக்டீரியா லூசினைச் சிதைக்கும்போது ஐசோஅமைல் ஆல்கஹால் ஆவியாக வெளிவரும். அந்த வாசனையைப் பின்பற்றியே லூசின் மிகுந்த பாக்டீரியாவைப் புழு தேடிப் போகிறது. சத்து உள்ளே இருக்கிறது. வாயில் வைக்காமலே அதற்குத் தெரிந்துவிடுகிறது!

ஆபத்தையும் மோப்பம் காட்டிக்கொடுக்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி விடும் அண்டெசீன் வாடை பட்டால் புழு விலகுகிறது, நோய் எதிர்ப்பையும் முடுக்கிவிடுகிறது என்று அதே குழு 2021இல் காட்டியது. ஆனாலும் அந்தக் கிருமியின் வேறு வாசனைகள் ஈர்ப்பதால், விவரம் அறியாத புழு அதைத் தின்னவும் செய்யும். தின்றால் நோய்தான். கோரி பார்க்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கிருமியோடு சில மணி நேரம் இருந்த புழுக்கள் பிறகு அதன் வாசனையை ஒதுக்கின. ஒரு ஜோடி நரம்பு செல்களில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடியதே அந்தப் பாடத்துக்குக் காரணம்.

நோய் தராத பாக்டீரியாவிலும் தரம் பார்க்கும். பெரிதாக, விழுங்கச் சிரமமாக இருப்பதை விட்டு நகர்ந்துவிடும். ஒருமுறை நல்ல தீனி தின்ற புழு, மட்டமான தீனியில் நிலைகொள்ளாமல் வேறிடம் தேடி அலைகிறது.